ஒரு மார்மன் எல்லைப்புறச் சிற்றூரின் ஏடுகளைத் தேடிப் படிப்பது எப்படி: பிளஃப் ஊரை முன்வைத்து

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், தென்கிழக்கு மூலையில், சான் ஹுவான் ஆற்றின் வடகரையில் பிளஃப் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1879ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பரோவன், சீடர் சிட்டி முதலிய ஊர்களிலிருந்து தங்கள் திருச்சபையின் அழைப்பை ஏற்றுப் புறப்பட்ட மார்மன் என்னும் அமெரிக்கக் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த ஏறத்தாழ 250 குடியேறிகள், ஆறு வாரத்தில் முடியும் என்று நம்பிய பயணத்தை ஆறு மாதம் நடத்தி, 1880 ஏப்ரல் 6 அன்று இங்கே வந்து சேர்ந்தார்கள். கொலராடோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் இருந்த ஒரு குறுகிய பாறைப் பிளவை வெடிமருந்து வைத்து அகலப்படுத்தி, அந்த ஆண்டு ஜனவரி 26ஆம் நாளிலிருந்து 80க்கும் மேற்பட்ட வண்டிகளை அதன் வழியே ஆற்றங்கரைக்கு இறக்கியதால், அவர்களுடைய பயணம் 'ஹோல் இன் தி ராக்' பயணம் என்ற பெயரைப் பெற்றது.

இவ்வளவு சிறிய ஊரைப் பற்றி இவ்வளவு காகிதம் எஞ்சியிருப்பது முதலில் வியப்பூட்டும். 1830 ஏப்ரல் 6 அன்று ஜோசப் ஸ்மித் இந்தத் திருச்சபையை நிறுவிய நாளிலேயே, சபைக்குள் ஏடு ஒன்று எழுதப்பட்டு வரவேண்டும் என்ற கட்டளை பிறந்துவிட்டது. அதை அவர்கள் வேதவாக்காகவே கொண்டார்கள். அதனால் வீட்டுக்குக் கூரை போடும் முன்பே கூட்டக் குறிப்பேட்டைத் திறந்துவிடும் வழக்கம் மார்மன் ஊர்களில் இருந்தது. ஆனால் ஏடு நிறைய இருப்பதனாலேயே உண்மை எளிதில் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வோர் ஏடும் யாரோ ஒருவருக்குக் கணக்கு ஒப்புவிப்பதற்காக எழுதப்பட்டது. அந்த 'யாரோ' யார் என்று தெரிந்த பிறகே அதில் உள்ள வரியை நம்புவதா, வேறோர் ஏட்டோடு ஒட்டிப் பார்ப்பதா என்று முடிவு செய்ய முடியும். பிளஃப் ஊரை எடுத்துக்காட்டாகக் கொண்டு நான் இங்கே சொல்லும் வழிமுறை முழுவதும் இந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

தேடலுக்கு முன் தெளிய வேண்டியவை

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்ளுங்கள். 'குடியேறிகளின் வாழ்க்கை' என்று தேடத் தொடங்கினால் எந்தக் காப்பகத்திலும் கரை காண முடியாது. ஒரு குடும்பம், ஓர் ஆண்டு, ஒரு வாய்க்கால், ஒரு கடை என்று ஏதேனும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிளஃபைப் பொறுத்தவரை வாய்க்காலைப் பிடித்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்; சான் ஹுவான் ஆறு வெள்ளத்தாலும் வண்டலாலும் திரும்பத் திரும்ப வாய்க்காலைச் சிதைத்தது, அதைச் செப்பனிடுவதிலேயே ஊரின் உழைப்பில் பெரும்பகுதி கரைந்தது, அதனால் நாட்குறிப்பானாலும் கூட்டக் குறிப்பானாலும் கடிதமானாலும் எல்லா ஏடுகளிலும் வாய்க்கால் தலைகாட்டுகிறது.

அடுத்து, சொற்களைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நமக்கு வார்டு என்றால் நகராட்சிப் பிரிவோ மருத்துவமனைக் கூடமோ நினைவுக்கு வரும். மார்மன் ஏடுகளில் வார்டு என்பது ஓர் ஊரின் சபைப் பிரிவு. பிஷப் என்பவர் நம் ஊர்க் கிறிஸ்தவ வழக்கில் உள்ள ஆயரோ பேராயரோ அல்லர். சம்பளம் இல்லாமல், தன் நிலத்தையும் உழுதுகொண்டு, சபையின் பொறுப்பையும் சுமந்த ஊர்க்காரர். பல வார்டுகள் சேர்ந்தது ஸ்டேக். பிளஃபின் பிஷப் ஜென்ஸ் நீல்சன். 1883இல் சான் ஹுவான் ஸ்டேக் அமைக்கப்பட்டபோது அதன் தலைவரானவர் பிளாட் லைமன். பட்டியலில் தேடும்போது ஊரின் பெயரை மட்டும் இட்டால் போதாது. வார்டின் பெயர், ஸ்டேக்கின் பெயர், 'பிளஃப் சிட்டி' என்ற பழைய பெயர், 1880இல் உருவான சான் ஹுவான் மாவட்டத்தின் பெயர் ஆகிய எல்லாவற்றையும் தனித்தனியே இட்டுப் பார்க்க வேண்டும்.

குடியேறிகள் புறப்பட்டு வந்த ஊரையும் விட்டுவிடக் கூடாது. பிளஃபில் 1880இல் வாழ்ந்த ஒருவருடைய திருமணம், ஞானஸ்நானம், விற்றுவிட்டு வந்த வீடு ஆகியவற்றின் பதிவுகள் பரோவன், சீடர் சிட்டி ஆகிய ஊர்களின் ஏடுகளில்தான் இருக்கும். புதிய ஊரின் ஏட்டில் ஒருவரைப் பற்றி ஒரு வரியே கிடைத்தால், முந்திய ஊரின் ஏட்டைத் திறப்பதே சரியான அடுத்த வேலை.

எங்கே கிடைக்கும்

தேடலை மூன்று இடங்களில் தொடங்கலாம். சால்ட் லேக் சிட்டியில் 2009இல் திறக்கப்பட்ட திருச்சபை வரலாற்று நூலகம் முதலாவது. வார்டுகளின் கூட்டக் குறிப்பேடுகள், நாட்குறிப்புகள், கடிதங்கள் பலவற்றின் படங்களை அதன் இணையப் பட்டியலிலேயே பார்க்க முடியும். 1894இல் தொடங்கப்பட்ட யூட்டா வம்சாவளிச் சங்கத்தின் வழிவந்த ஃபேமிலிசர்ச் தளம் இரண்டாவது. 1938 முதல் எடுக்கப்பட்ட மைக்ரோபிலிம் சுருள்களை எண்ணிமப்படுத்தும் பணி 2021இல் முடிந்தது. கட்டணமில்லாமல் ஒரு கணக்கைத் தொடங்கிக்கொண்டு, பெயரைத் தேடும் பெட்டியை விட்டுவிட்டு, பட்டியலில் இடத்தின் பெயரைக் கொண்டு தேடுங்கள். பெயர்த்தேடல் சொல்லடைவு செய்யப்பட்ட ஏடுகளை மட்டுமே காட்டும்; இடத்தேடல் இன்னும் யாரும் அடைவு செய்யாத சுருள்களையும் காட்டும், அரிய செய்திகள் பெரும்பாலும் அங்கேதான் உறங்குகின்றன. மூன்றாவது யூட்டா பல்கலைக்கழகத்தின் யூட்டா எண்ணிமச் செய்தித்தாள் தொகுப்பு. 1850இல் தொடங்கிய டெசரெட் நியூஸ் இதழ், தொலைவிலுள்ள குடியேற்றங்களிலிருந்து வந்த கடிதங்களை வெளியிட்டு வந்தது. சொந்தமாகச் செய்தித்தாள் இல்லாத சிற்றூருக்கு அக்கடிதங்களே செய்தித்தாள். எழுத்தைக் கணினி தவறாகப் படித்திருக்கக்கூடும் என்பதால் ஊர்ப்பெயரைப் பல எழுத்துக்கூட்டல்களில் தேடுங்கள்.

நேரில் போக முடிந்தவர்களுக்கு பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் சிறப்புத் தொகுப்பு, யூட்டா மாநில ஆவணக் காப்பகம், சான் ஹுவான் மாவட்டப் பதிவகம் ஆகியவையும் உண்டு. மாவட்டத் தலைமை முதலில் பிளஃபில் இருந்து பின்னர் மான்டிசெல்லோவுக்கு மாறியது. ஏடுகளை அங்கேதான் கேட்க வேண்டும்.

சபை ஏடுகளைப் படிக்கும் முறை

வார்டு உறுப்பினர் பதிவேட்டில் பெயர், பிறந்த நாள், ஊர், பெற்றோர், ஞானஸ்நான நாள், எங்கிருந்து வந்தார், எங்கே போனார் என்ற பத்திகள் இருக்கும். இவற்றில் ஞானஸ்நானப் பத்திதான் புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது. மார்மன் குழந்தைகள் எட்டு வயதில் ஞானஸ்நானம் பெறுவது முறை; ஆனால் மலைநாடான யூட்டாவுக்கு வந்து சேர்ந்தபோதும், நம்பிக்கையைப் புதுப்பித்துக்கொள்ளவும், கூட்டுடைமை அமைப்பில் சேரும்போதும் வளர்ந்தவர்கள் மீண்டும் ஞானஸ்நானம் பெறும் வழக்கம் 1897 வரை இருந்தது. ஆகவே நாற்பது வயதுக்காரருக்கு 1870களில் ஒரு ஞானஸ்நான நாள் எழுதப்பட்டிருந்தால், அவர் அப்போதுதான் மதம் மாறினார் என்று எழுதிவிடாதீர்கள். முதல் ஞானஸ்நானம் டென்மார்க்கிலோ இங்கிலாந்திலோ இருபது ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கலாம்.

யூட்டாவில் பிறப்பு, இறப்புப் பதிவை மாவட்டங்கள் 1898இல் தொடங்கின. மாநிலப் பதிவு 1905இல் வந்தது. அதற்கு முன் பிறந்த குழந்தைக்கு, சபையில் பெயரிட்டு ஆசீர்வதித்த நாளின் குறிப்பே பிறப்புச் சான்றிதழுக்கு இணை. இறந்தவருக்குக் கல்லறைக் காப்பாளரின் பதிவேடும் கல்லறைக் கல்லும் துணை. கல்லில் உள்ள நாள் பிற்காலத்துப் பேரப்பிள்ளைகள் வைத்த புதிய கல்லில் உள்ளதா என்பதையும் கவனியுங்கள்.

கூட்டக் குறிப்பேடுகள் மேலோட்டமாகப் பார்த்தால் சலிப்பூட்டும்: யார் செபித்தார், யார் பேசினார், எந்தப் பாடல் என்ற வரிசையே பக்கம் பக்கமாக வரும். பொறுமையாகப் படித்தால், அறிவிப்புகளின் இடையே வாய்க்காலுக்கு ஆள் வேண்டும் என்பதும், வேலி போடாதவர்மேல் வருத்தம் என்பதும், யாரோ ஒரு குடும்பத்துக்கு மாவு இல்லை என்பதும் வந்துவிடும். ஒரு சிறு கருவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: 1896 வரை நோன்புக் கூட்டம் மாதத்தின் முதல் வியாழக்கிழமையில் நடந்தது. ஏட்டில் நோன்புக் கூட்டம் என்று குறித்த தேதி நாள்காட்டியில் வியாழனாக வராவிட்டால், எழுத்தர் தேதியைத் தவறவிட்டிருக்கலாம், அல்லது நீங்கள் 4ஐ 9 என்று படித்திருக்கலாம். கடிதங்களில் வரும் 'இன்ஸ்ட்' என்ற சுருக்கம் இதே மாதத்தையும் 'அல்ட்' என்ற சுருக்கம் போன மாதத்தையும் குறிக்கும் என்பதையும் மறவாதீர்கள். ஒரு மாதம் தவறினால் நிகழ்வுகளின் வரிசையே குலைந்துவிடும்.

பெண்களின் குரலைத் தேடுபவர்கள் ரிலீஃப் சொசைட்டி என்னும் பெண்கள் சங்கத்தின் குறிப்பேட்டை முதலில் எடுக்க வேண்டும். 1842இல் நாவூ நகரத்தில் தொடங்கிய இச்சங்கம் 1860களின் பிற்பகுதியிலிருந்து வார்டுதோறும் மீண்டும் அமைக்கப்பட்டது. அதன் செயலாளர்களும் பெண்களே. ஆண்கள் எழுதிய ஏட்டில் 'சகோதரி' என்ற சொல்லும் கணவர் பெயரும் மட்டுமே உள்ள ஒருத்தி, இந்த ஏட்டில் தன் சொந்தப் பெயரோடு எழுந்து பேசுவாள். அத்தகைய பக்கத்தை முதன்முதலாகக் காணும்போது ஏற்படும் மகிழ்ச்சி தனியானது. நோயாளியைப் பார்த்தது, இறந்தவருக்கு உடை தைத்தது, 1876 முதல் சங்கங்கள் மேற்கொண்ட தானியச் சேமிப்பு ஆகியவற்றைப் பற்றிய செய்திகளுக்கும் இதுவே முதன்மையான மூலம்.

ஆண்ட்ரூ ஜென்சன் என்னும் திருச்சபை வரலாற்றாளர் ஊர் ஊராகப் பயணம் செய்து திரட்டிய செய்திகளிலிருந்து ஒவ்வொரு வார்டுக்கும் கையெழுத்து வரலாறு ஒன்று தொகுக்கப்பட்டது. வழிகாட்டியாக அது மிகவும் பயன்படும். ஆனால் பழைய ஏடுகளையும் முதியவர்களின் நினைவையும் கொண்டு பின்னர் தொகுத்தது என்பதால், அதில் கண்ட ஒவ்வொரு செய்திக்கும் மூல ஏட்டைத் தேடிச் செல்வதே முறை.

ஒரே நாள், பல கைகள்

பாறைப் பிளவில் வண்டிகள் இறங்கிய நாட்களை எடுத்துக்கொள்வோம். ஏடுகளை ஒட்டிப் படிக்கும் பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. பயணத்தின் தலைவர் சைலஸ் ஸ்மித், பாதை அமைப்பதற்குப் பணம் கேட்டுச் சால்ட் லேக் சிட்டிக்குப் போயிருந்தார். ஆகவே முகாமைப் பிளாட் லைமன் நடத்தினார். அவருடைய நாட்குறிப்பும் முகாமை நடத்துபவரின் நாட்குறிப்பாகவே இருக்கிறது. எத்தனை மைல், என்ன வானிலை, என்ன வேலை என்பன உண்டு. அச்சம் உண்டா என்று தேடினால் கிடைப்பது அரிது. அவர் அஞ்சவில்லை என்று அதற்குப் பொருளில்லை. நாளின் வேலையைப் பதிவதே அந்த ஏட்டின் நோக்கம்.

எலிசபெத் டெக்கர் 1880 பிப்ரவரி 22 அன்று தன் பெற்றோருக்கு எழுதிய கடிதமோ முற்றிலும் வேறான ஏடு. வண்டியின் பின்சக்கரங்களைப் பூட்டி, பின்னால் கட்டிய கயிற்றைப் பத்துப் பேர் இழுத்துப் பிடித்தும் வண்டி எல்லாவற்றையும் நொறுக்கிவிடுவது போல் இறங்கியதையும், தான் உயிர் நடுங்கியதையும் அவர் எழுதுகிறார். கீழே நடந்து இறங்கும்போது அவருடைய குழந்தை திரும்பிப் பார்த்து, இனி வீட்டுக்கு எப்படிப் போவோம் என்று கேட்டு அழுததும் அதில் இருக்கிறது. மகள் தன் தாய்தந்தைக்கு எழுதியது, நடந்து ஒரு மாதத்துக்குள் எழுதியது, அச்சிடும் எண்ணமின்றி எழுதியது என்ற மூன்றும் சேர்ந்து அதன் மதிப்பை உயர்த்துகின்றன.

மூன்றாவது வகை, குடும்பத்தில் வாய்வழியாக வந்து பின்னாளில் எழுத்தானது. நாள் முழுவதும் பிறருடைய வண்டிகளை இறக்க உதவிய ஸ்டான்ஃபோர்டு ஸ்மித், தன் வண்டி மட்டும் மேலேயே நிற்பதைக் கண்டு, மனைவி பெல்லை மட்டும் துணையாகக் கொண்டு அதை இறக்கியதையும் அதில் பெல் காலில் காயமுற்றதையும் அவர்களுடைய வழித்தோன்றல்கள் எழுதி வைத்தார்கள். பயணத்தின் கடைசிக் கட்டத்தில் ஏற வேண்டியிருந்த செங்குத்தான சான் ஹுவான் குன்றில் குதிரைகள் பட்ட பாட்டை நினைக்கும்போதெல்லாம் லெமுவேல் ரெட் கண்ணீர் விட்டதை அவருடைய மகன் பதிந்திருக்கிறார். இத்தகைய நினைவுகளை ஒதுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தேதி, வண்டிகளின் எண்ணிக்கை, தொலைவு ஆகியவற்றுக்கு லைமனின் நாட்குறிப்பை நாடுங்கள்; அந்த அனுபவம் ஒரு குடும்பத்துக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதற்கு இந்த நினைவுகளை நாடுங்கள். உங்கள் குறிப்பில், நிகழ்ந்த ஆண்டு, எழுதிய ஆண்டு, சொன்னவர் நேரில் கண்டவரா என்ற மூன்றையும் ஒவ்வொரு சான்றின் பக்கத்திலும் எழுதிவிட்டால் குழப்பம் வராது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பல நாட்குறிப்புகள் இன்று நம் கைக்கு எட்டுவது தட்டச்சுப் படிகளாகத்தான். 1930களில் அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தின்கீழ் யூட்டாவில் ஏராளமான குடியேறிகளின் நாட்குறிப்புகள் படியெடுக்கப்பட்டன. செயின்ட் ஜார்ஜ் நகரில் அந்தப் பணியை ஜுவானிட்டா புரூக்ஸ் முன்னின்று நடத்தினார். அழிந்திருக்கக்கூடிய பலவற்றை அது காப்பாற்றியது. ஆயினும் தட்டச்சு செய்தவர் எழுத்துப்பிழையைத் திருத்தியிருக்கலாம், வரியை விட்டிருக்கலாம், குடும்பத்துக்குச் சங்கடமான பகுதியை நீக்கியிருக்கலாம். மூலத்தின் படம் கிடைக்குமானால் முக்கியமான பத்தியை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மேற்கோள் காட்டுங்கள்.

அரசு ஏடுகளும் மறைக்கப்பட்டவையும்

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1880 ஜூன் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டது. பிளஃப் பிறந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று கேட்ட முதல் கணக்கெடுப்பும் அதுவே. ஆனால் 1890இன் கணக்கெடுப்புத் தாள்கள் வாஷிங்டனில் 1921இல் நிகழ்ந்த தீவிபத்தின் விளைவாகப் பெரும்பாலும் அழிந்துவிட்டன. எனவே ஊரின் முதல் இருபது ஆண்டுகளுக்கு நடுவே கணக்கெடுப்பில் ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. உறுப்பினர் பதிவேடு, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்கும் தசமபாகத்தின் கணக்கு, 1882இல் தொடங்கிய கூட்டுறவுக் கடையின் கணக்கு ஆகியவற்றில் கிடைப்பவற்றைக் கொண்டுதான் அதை நிரப்ப வேண்டும். ரொக்கம் அரிதாக இருந்த இடம் என்பதால் தசமபாகத்தைக் கோதுமை, வைக்கோல், வெண்ணெய், முட்டை, உடலுழைப்பு என்று செலுத்தினார்கள். ஒரு வீட்டில் அந்த ஆண்டு என்ன விளைந்தது என்பதை அந்த வரியே சொல்லிவிடும்.

நில ஏடுகளைத் தேடுபவர்கள், யூட்டாவில் கூட்டரசின் நில அலுவலகம் 1869இல்தான் திறக்கப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். பழைய ஊர்களில் அதற்கு முன் நிலத்தைச் சபையே பங்கிட்டது. குடியிருந்து பயிரிட்டவருக்கு அரசு நிலம் வழங்கிய ஹோம்ஸ்டெட் திட்டத்தின் விண்ணப்பக் கோப்பு கிடைத்தால் விடாதீர்கள். எத்தனை ஏக்கர் உழுதார், எப்படிப்பட்ட வீடு கட்டினார் என்று அண்டைவீட்டார் அளித்த சாட்சியம் அதில் இருக்கும். திருமண உரிமம் பெறும் கட்டாயம் 1887இல்தான் வந்தது என்பதால், அதற்கு முந்திய திருமணங்களுக்குக் கோயில் பதிவுகளையே நாட வேண்டியிருக்கும். தெற்கு யூட்டாவினருக்கு 1877இல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் கோயில் அருகில் இருந்தது.

பலதார மணம் ஏடுகளில் ஆழமான மௌனத்தை உண்டாக்கியது. 1882இன் எட்மண்ட்ஸ் சட்டம் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரோடு வாழ்வதற்கு ஆறு மாதச் சிறையும் 300 டாலர் அபராதமும் விதிக்க வழிசெய்தது. 1887இல் சட்டம் மேலும் கடுமையானது. 1890இல் திருச்சபை அவ்வகைத் திருமணங்களைக் கைவிடுவதாக அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பெயருக்குப் பதில் முதலெழுத்து, தந்தை பெயர் இல்லாத குழந்தை, திடீரென வேறோர் ஊரில் தோன்றும் மனைவி என்று ஏடுகள் ஒளித்து எழுதத் தொடங்கின. குழந்தைகள் தந்தையின் மற்ற மனைவியரை 'ஆண்ட்' என்று அழைத்தார்கள். நம் வழக்கில் பெரியம்மா, சின்னம்மா என்பதைப் போன்றது அது. பெற்றோரின் உடன்பிறந்தாள் என்று கொண்டால் குடும்ப மரமே தவறாகிவிடும். அதேபோல் சீனியர், ஜூனியர் என்பவை எப்போதும் தந்தையும் மகனும் அல்ல. ஒரே பெயருள்ள மூத்தவர், இளையவர் என்றும் பொருள்படும்.

பெயர்களின் எழுத்துக்கூட்டல் மற்றொரு பொறி. ஜென்ஸ் நீல்சன் டென்மார்க்கில் பிறந்து, 1856இல் கைவண்டிகளை இழுத்துக்கொண்டு யூட்டாவுக்கு நடந்துவந்த வில்லி குழுவில் பனியில் சிக்கிப் பாதங்கள் ஊனமாகிப் பிழைத்தவர். அவரைப் போன்ற ஒருவரைத் தொடர வேண்டுமானால் ஸ்காண்டிநேவியக் குடிபெயர்வுப் பட்டியல், கப்பல் பட்டியல், திருச்சபையின் இணையத் தரவுத்தளத்தில் உள்ள குடியேறிக் குழுப் பட்டியல், வார்டு ஏடு ஆகியவற்றைக் கடந்து வர வேண்டும். ஒவ்வொன்றிலும் எழுத்தர் தம் காதுக்குக் கேட்டபடி எழுதியிருப்பார் என்று கொண்டு எல்லா வடிவங்களையும் தேடுங்கள். தந்தையின் பெயரோடு மகன் என்று சேர்த்துப் பெயரிடும் டேனிஷ் முறையில் தந்தைக்கும் மகனுக்கும் குடும்பப்பெயர் வேறுபடலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

சபை ஏடுகள் ஏறக்குறைய வாய்திறக்காத இன்னொரு பெரும் பகுதி உண்டு. பிளஃப் யாருமற்ற வெற்று நிலத்தில் எழவில்லை. நவாஹோ, யூட், பயூட் மக்களின் வாழிடத்தில் எழுந்தது. அவர்களோடு அமைதியான உறவை ஏற்படுத்துவதே குடியேற்றத்தின் நோக்கங்களில் ஒன்று. அதற்கென்றே தேல்ஸ் ஹாஸ்கல் மொழிபெயர்ப்பாளராக அனுப்பப்பட்டார். ஆனால் குடியேறிகளின் ஏடுகளில் அம்மக்கள் பெரும்பாலும் பெயரில்லாமலோ குடியேறிகள் சூட்டிய பட்டப்பெயராலோ வருகிறார்கள். ஆற்றின் தென்புறம் 1884இல் நவாஹோ ஒதுக்கீட்டு நிலத்தோடு சேர்க்கப்பட்டதால், தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள இந்தியர் விவகார அலுவலகத்தின் கடிதங்களில் அதே ஆண்டுகளின் மறுபக்கத்தைத் தேடலாம். யூட்டா பல்கலைக்கழகத்தில் உள்ள டோரிஸ் டியூக் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பில் 1960களின் பிற்பகுதியிலிருந்து பழங்குடியினரிடம் எடுத்த நேர்காணல்கள் இருக்கின்றன. இவ்விரண்டையும் திறக்காமல் இந்த ஊரின் வரலாற்றை எழுதி முடித்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

குறிப்பெடுக்கும்போது ஏட்டின் பெயர், காப்பகத்தின் அழைப்பெண், பக்க எண், படத்தின் எண் நான்கையும் அந்த நொடியிலேயே எழுதிவிடுங்கள். பழைய எழுத்துக்கூட்டலை மாற்றாமல் படியெடுத்து, உங்கள் ஊகத்தைத் தனியே குறியுங்கள். ஒழுங்கு விசாரணைக் குறிப்புகள், குலத்தந்தை ஆசி என்னும் தனிப்பட்ட ஆசியுரைகள் போன்றவை பொதுவாகத் திறந்து காட்டப்படுவதில்லை. பட்டியலில் தடை என்று இருந்தால் காரணத்தைக் கேட்டு நூலகத்துக்கு எழுதுங்கள், சில நேரம் ஏட்டின் ஒரு பகுதியை மட்டும் பார்க்க அனுமதி கிடைக்கும். ஒன்றும் கிடைக்காத தேடலையும் தேதியோடு குறித்து வையுங்கள். ஏடுகளின் படங்கள் இன்னும் இணையத்தில் ஏறிக்கொண்டேயிருக்கின்றன. இன்று பூட்டியிருந்த சுருள் அடுத்த ஆண்டு திறந்திருக்கும்போது, எதை மீண்டும் தேட வேண்டும் என்பதை அந்தக் குறிப்பே காட்டும்.